மலையகமும் முழுமை பெறாத திரைக்கதைகளும்

இலங்கையில் 1962 தொடக்கம் 1983 வரை உருவான தமிழ்த் திரைப்படங்களின் எண்ணிக்கை முப்பதுக்கும் குறைவு. அவற்றுள் பல, நல்ல நோக்கமும் ஆர்வமுள்ள கலைஞர்களும் இருந்தும், பாதி வழியில் நின்றுவிட்ட உணர்வையே பார்வையாளருக்குத் தந்தன. ஒரு பாத்திரம் வருகிறது, காரணம் இல்லாமல் காணாமற் போகிறது. இரண்டு மணி நேரம் இழுபட்ட சிக்கல் கடைசிப் பத்து நிமிடத்தில் அவிழ்ந்துவிடுகிறது. ஊர் திரையில் தெரிகிறது. அந்த ஊரில் மனிதர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. பணமில்லை என்ற ஒரே காரணத்தால் இதை விளக்கிவிட முடியாது. மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு நிறைவாக அமைந்த படங்கள் உலகெங்கும் உள்ளன. கதை எழுதப்பட்ட அவசரம், எடுக்க முடியாமற்போன காட்சிகள், தொழில் கற்கும் தொடர்ச்சி அறுந்தது, எடுத்த படமே அழிந்தது ஆகிய நான்கும் இலங்கைத் தமிழ்ச் சினிமாவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் மலையகம்.

மாத்தளை மாவட்டத்தின் ரிவர்ஸ்டன் அந்த மலையகத்தின் வடகிழக்கு எல்லையில், நக்கிள்ஸ் மலைத்தொடரில் இருக்கிறது. மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புர, லக்கல நோக்கிப் போகும் வீதி தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, ஏலக்காய் விளைந்த காட்டு நிழலைத் தாண்டி, அலைபரப்புக் கோபுரம் நிற்கும் உச்சியின் அருகே கணவாயைக் கடக்கிறது. கணவாய்க்கு இந்தப் பக்கம் ஈரக்காடு; அந்தப் பக்கம் பிட்டவல பத்தனப் புல்வெளியும் சேர எல்ல அருவியும், அதற்கப்பால் உலர்வலயமும். நக்கிள்ஸ் காடு 2000 இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பார்த்த கணத்திலேயே ‘இங்கே ஒரு படம் எடுக்க வேண்டும்’ என்று யாரையும் நினைக்க வைக்கும் நிலம் இது. மலையகப் படங்களின் குறை தொடங்குவதும் அந்த நினைப்பில்தான்.

மலையில் படம் எடுப்பது சமவெளியில் எடுப்பதைப் போன்றதல்ல. ரிவர்ஸ்டன் கணவாயில் வெயில் அடிக்கும். சில நிமிடங்களில் மூடுபனி இறங்கி எதிரே நிற்பவரை மறைத்துவிடும். பின் காற்று அதைக் கலைத்துவிடும். ஒரே உரையாடலுக்கு மூன்று கோணங்களில் காட்சி எடுப்பதானால் மூன்றிலும் வெளிச்சம் ஒன்றாக இருக்க வேண்டும். படச்சுருள் காலத்தில் வெளிச்சம் மாறினால் அந்தச் சுருள் வீண். மீண்டும் எடுக்கச் சுருள் வேண்டும். எழுபதுகளின் இலங்கையில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் சுருள் எளிதில் கிடைக்கவில்லை. நெறியாளர் இரண்டாவது கோணத்தைக் கைவிடுவார், மூன்றாவதைக் கேட்கவே மாட்டார். படத்தொகுப்பாளரின் மேசைக்கு வரும்போது கேட்பவரின் முகம் இருக்காது, சொல்பவரின் முகம் மட்டுமே இருக்கும். திரையில் அது ஒரு சிறு வெறுமையாகத் தோன்றும். அத்தகைய வெறுமைகள் இருபது முப்பது சேர்ந்தால், எங்கே என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பார்வையாளர் உணர்கிறார். மலைக்காற்றில் நேரடி ஒலிப்பதிவும் அன்று கைகூடவில்லை. பேச்சு பின்னர் கூடத்துக்குள் சேர்க்கப்பட்டது. தோட்டத்து மனிதரின் வாயசைவுக்கு நகரத்து மேடைத் தமிழ் பொருத்தப்பட்டபோது, லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பின் பேச்சில் இருந்த நெளிவும் குறும்பும் போயின.

இது தமிழ்ப் படங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மலையகத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட ‘எலிஃபன்ட் வாக்’ என்ற ஹொலிவூட் படத்துக்கு 1953 இல் இலங்கையில் படப்பிடிப்பு நடந்தது. நாயகியாக நடித்த விவியன் லீ நோயுற்று விலக, எலிசபெத் டெய்லர் அமர்த்தப்பட்டார். அவருடைய காட்சிகள் அமெரிக்கக் கூடத்தில் எடுக்கப்பட்டன. இலங்கையில் எடுத்த தூரக் காட்சிகள் சிலவற்றில் விவியன் லீயே இருக்கிறார். 1954 இல் வெளியான அந்தப் படத்தில் ஒரே பாத்திரம் இரண்டு பெண்களால் ஆனது. வசதி மிக்க ஒரு நிறுவனம் அந்த ஒட்டைப் பெரும்பாலும் மறைத்துவிட்டது. மறைக்காமல் விட்டது வேறொன்று. கதை பெரும்பாலும் துரையின் பங்களாவுக்குள் நடக்கிறது. கொழுந்து பறிப்போர் கூட்டமாக மட்டும் தெரிகிறார்கள். மலையகத்தைப் பின்னணித் திரையாக மட்டும் கண்ட பார்வை அந்தப் படத்தோடு முடியவில்லை.

உண்மையில் மாத்தளைப் பகுதிக்கு உரிய கதை பங்களாவுக்கு வெளியே நடந்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் இறந்தோர் ஏராளம். மாத்தளைக்கு இருப்புப்பாதை 1880 இல்தான் வந்தது. 1869 இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் மாசிமகத்துப் பஞ்சரதத் தேரோட்டமும் அந்த மக்கள் இந்த ஊரில் காலூன்றியதன் அடையாளங்கள். நடந்து வந்தது, லயத்தில் அடைபட்டது, கங்காணியிடம் கடன்பட்டது, 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக ஆனது என இத்தனை கதையும் எழுதப்படாமல் கிடக்க, திரைக்கதையாளர்கள் சென்னையிலிருந்து வந்த பண்ணையார் மகன், ஏழைப் பெண், கெட்ட மாமன் கதைகளையே எடுத்து மலைச்சரிவில் வைத்தனர். கதையின் வேர் அந்த மண்ணில் இல்லை. ஆகையால் காட்சிக்குக் காட்சி காரணம் தேட வேண்டியதாயிற்று.

இலங்கையின் முதல் தமிழ்ப் படமான ‘சமுதாயம்’ ஹென்றி சந்திரவன்சவின் நெறியாள்கையில் 16 மில்லிமீற்றர் படமாக உருவானது. அடுத்து 1963 இல் கிருஷ்ணகுமார் எடுத்த ‘தோட்டக்காரி’ பெயரிலேயே மலையகத்தைத் தாங்கி வந்தது. இரண்டாவது தமிழ்ப் படமே தோட்டத்துக்குப் போனது கவனிக்கத்தக்கது. அந்த உந்துதல் சரியானது. 1966 இல் வேதநாயகம் ‘ஹம்லெட்’ நாடகத்தைத் தழுவிக் ‘கடமையின் எல்லை’யை எடுத்தார். கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா 1972 இல் ‘குத்துவிளக்கு’ தயாரித்தார். தயாரித்தவர், எழுதியவர், நடித்தவர் எல்லோரையும் வரிசைப்படுத்தினால் அங்கே நாடகாசிரியர், தொழிற்சங்கவாதி, அறிவிப்பாளர், வணிகர் எனப் பலர் வருகிறார்கள். சினிமாவே தொழிலாக வாழ்ந்தவர் அருமை. ஒன்றுக்கு மேற்பட்ட படத்தை நெறிப்படுத்த வாய்ப்புப் பெற்றோர் மிகச் சிலர். முதற் படத்தில் செய்த பிழையை இரண்டாவது படத்தில் திருத்திக்கொள்ளும் வாய்ப்பே பெரும்பாலோர்க்குக் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரணத்தை முதன்மையாகச் சொல்லவேண்டுமானால் அது இதுவே.

சிங்களச் சினிமாவின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1947 ஜனவரி 21 இல் வெளியான முதற் சிங்களப் பேசும்படம் ‘கடவுணு பொறொந்துவ’, தமிழரான எஸ். எம். நாயகத்தின் தயாரிப்பு, அது மதுரையில் ஒரு கூடத்தில் எடுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் சிங்களப் படங்களும் தென்னிந்தியக் கூடங்களில், தென்னிந்தியக் கதையமைப்பில், ஊர் வாசனை இல்லாமலே வந்தன. அதை உடைத்தது 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த ‘ரேகாவ’. அவரும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படங்கள் எடுத்துப் பழகியவர்கள். வெளிக்களத்தில் வெயிலையும் மழையையும் சமாளித்து, குறைந்த சுருளில் தேவையானதை எடுக்கும் பயிற்சி அவர்களுக்கு அங்கே கிடைத்திருந்தது. ‘ரேகாவ’ வசூலில் தோற்றாலும் அதன் பின்னால் ஒரு தொழிற்பள்ளி உருவாயிற்று. தமிழில் அப்படியொரு பிரிவு இருக்கவில்லை. அரசு உருவாக்கவும் இல்லை.

தமிழ்க் கலைஞருக்குக் கிடைத்த ஒரே பள்ளி இலங்கை வானொலி. அதன் வரவும் இழப்பும் ‘கோமாளிகள்’ படத்தில் ஒருசேரத் தெரிந்தன. எஸ். இராமதாஸ் எழுதி வானொலியில் பெரும் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடர் 1976 இல் எஸ். இராமநாதனின் நெறியாள்கையில் படமானது. மரிக்கார் இராமதாஸ், அப்புக்குட்டி இராஜகோபால், உபாலி செல்வசேகரன், பி. எச். அப்துல் ஹமீட் ஆகியோரின் குரல்களை நாடே அறிந்திருந்தது. முஸ்லிம், யாழ்ப்பாணத் தமிழர், சிங்களவர், பிராமணர் என நால்வரும் தத்தம் தமிழ் பேசியபோது இலங்கையின் தெருப்பேச்சு முதன்முதலாகத் திரையில் உயிரோடு ஒலித்தது. படம் வெற்றி பெற்றது. அதே வேளை, வானொலியில் பழகிய கலைஞர் எதையும் சொல்லித்தான் விளங்கவைப்பார். கதவு திறக்கிறது என்பதை வானொலியில் ஒருவர் வாயால் சொல்லவேண்டும். திரையில் கதவைத் திறந்தால் போதும். பேச்சு நின்ற இடத்தில் படமும் நின்றுபோகும் நிலை இதனால் வந்தது. அடுத்து இராமதாஸ் குழுவினர் செய்த ‘ஏமாளிகள்’ முதற்படம் அளவுக்குப் பேசப்படவில்லை.

மலையகத்தை நேராக நோக்கிய முயற்சி வீ. பி. கணேசனுடையது. தொழிற்சங்கத் தலைவரான அவர் தோட்ட மக்களோடு நாளும் பழகியவர். 1975 இல் அவர் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பேச வந்தது. தோட்டங்களில் 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பட்டினி தலைவிரித்தாடியது. காணிச் சீர்திருத்தத்தின் கீழ் கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின. அந்த வேளையில் தொழிலாளரின் குறையைச் சொல்ல ஒரு படம் வந்தது சிறிய விடயமல்ல. மக்கள் திரளாக வந்து பார்த்தனர். இருப்பினும் படத்தின் வடிவம் எம். ஜி. ஆர். படங்களிலிருந்து வந்தது. தொழிலாளர் துன்பம் ஒரு கூட்டத்தின் சிக்கல். அதைத் தீர்க்க ஒரு நாயகன் போதாது. தனி மனிதன் ஒருவன் சண்டையிட்டு எல்லாவற்றையும் நேராக்கும்போது, படம் எழுப்பிய கேள்வி விடை பெறாமல் வெளியே நிற்கிறது. ‘நான் உங்கள் தோழன்’ (1978), ‘நாடு போற்ற வாழ்க’ (1981) என்று கணேசன் மேலும் இரண்டு படங்கள் செய்தார். மூன்றாவது படத்தை எட்டியவர் என்ற வகையில் அவர் விதிவிலக்கு.

மாத்தளை நேரடியாகத் தந்த படம் ‘அவள் ஒரு ஜீவநதி’. எழுத்தாளரும் நாடகக்காரருமான மாத்தளை கார்த்திகேசு அதை 1980 இல் வெளிக்கொணர்ந்தார். அவர் நாவல் எழுதியவர், மேடை நாடகங்கள் போட்டவர். மலையகத்தில் நாடகத்துக்கு ஆழமான மரபு உண்டு. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு எல்லாம் தோட்டங்களில் இரவிரவாக ஆடப்படுபவை. காமன் கூத்தில் காமன் எரிந்து மீள்வது எல்லோருக்கும் தெரியும். நடுவில் சில பகுதிகள் விடுபட்டாலும் பார்ப்போர் மனத்தில் கதை நிறைந்தே இருக்கும். கூத்தின் முழுமையில் பாதி பார்வையாளரிடம் இருந்தது. புதுக் கதை சொல்லும் படத்துக்கு அந்தத் துணை இல்லை. தேவையான ஒவ்வொன்றையும் படமே கொண்டுவர வேண்டும். மேடையிலிருந்து வந்த கலைஞர்கள் பார்வையாளர் மீது வைத்த நம்பிக்கையைத் திரையிலும் வைத்ததனால் இடைவெளிகள் விழுந்தன.

இடைவெளியைக் குறையாக அன்றிக் கலையாகவே கையாண்ட படமும் ஒன்று வந்தது. தர்மசேன பத்திராஜ 1977 இல் எடுத்த ‘பொன்மணி’ காவலூர் இராஜதுரையின் எழுத்தில், யாழ்ப்பாணத்தில் உருவானது. சாதியும் சீதனமும் நெருக்கும் ஒரு குடும்பத்தை அது நீண்ட காட்சிகளாலும் மௌனத்தாலும் காட்டியது. கதாநாயகனின் சாகசம் இல்லை, ஆட்டம் இல்லை, உரத்த வசனம் இல்லை. சென்னைப் படங்களுக்குப் பழகியிருந்த பார்வையாளர் அதை முடிவுறாத படமாகக் கண்டனர். அரங்குகளில் அது சில நாள்களே நின்றது. இன்று பார்க்கும்போது அந்த மௌனங்களில் அந்த வீட்டின் மூச்சடைப்பு இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் படங்களில் மிக முழுமையானது இதுவே எனலாம். பார்வையாளர் எதிர்பார்த்தது படத்தில் இல்லாமல் போவது ஒன்று. படத்துக்கே தேவையானது படத்தில் இல்லாமல் போவது வேறொன்று. ‘பொன்மணி’க்கு நேர்ந்தது முதலாவது. மலையகப் படங்கள் பலவற்றுக்கு நேர்ந்தது இரண்டாவது. அடுத்த ஆண்டு வந்த ‘வாடைக்காற்று’ வேறு வழியில் தப்பியது. செங்கை ஆழியானின் நாவல் அதன் அடித்தளம். தீவுக் கடற்கரையும் மீனவர் பகையும் நாவலிலேயே வேரூன்றியிருந்ததால் பிரேம்நாத் மொறாயிஸ் நெறிப்படுத்திய படத்தில் மனிதர் செய்வதற்குக் காரணம் இருந்தது. மலையக எழுத்திலும் அத்தகைய நாவல்கள் இருந்தன. அவற்றைத் தேடிப் போன தயாரிப்பாளர் இல்லாமற் போனது பெரிய இழப்பு.

எழுபதுகளின் இறுதியில் படங்கள் பெருகியதற்கும் விரைவில் வாடியதற்கும் சந்தை ஒரு காரணம். 1972 இல் செயற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கையில் வைத்திருந்தது. இந்தியப் படங்களின் வரவு குறைந்த இடத்தில் உள்ளூர்ப் படங்கள் முளைத்தன. 1978 இல் மட்டும் ‘வாடைக்காற்று’, ‘தென்றலும் புயலும்’, ‘தெய்வம் தந்த வீடு’, ‘ஏமாளிகள்’, ‘நான் உங்கள் தோழன்’ என வரிசையாக வந்தன. வாய்ப்பு மூடும்முன் எடுத்துவிட வேண்டும் என்ற வேகம் எழுத்து மேசையைச் சுருக்கியது. அதே ஆண்டில் சிவாஜி கணேசன் நடித்த ‘பைலட் பிரேம்நாத்’ கூட்டுத் தயாரிப்பாக இலங்கையில் எடுக்கப்பட்டு இங்கே நீண்ட நாள் ஓடியது. அந்தத் தொழில்நுட்பத்தின் அருகில் வைத்துப் பார்க்கப்பட்டபோது உள்ளூர்ப் படங்களின் ஒட்டுகளும் விடுபடல்களும் இன்னும் உறுத்தின.

பார்வையாளரும் குறைந்துகொண்டிருந்தனர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறிய குடும்பங்கள், மலையகப் படங்களுக்கு வாழ்நாள் முழுவதும் பார்வையாளராக இருந்திருக்க வேண்டியவை. அந்தப் பிரிவை மையமாக வைத்து அன்றே ஒரு படம் வந்திருந்தால் மலையகச் சினிமாவுக்கு அதன் சொந்தக் கதை கிடைத்திருக்கும்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை எல்லாவற்றையும் முறித்தது. படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா படக்கூடம் எரிக்கப்பட்டது. அங்கிருந்த மூலப்பிரதிகள் பல சாம்பலாயின. சிங்களப் படங்கள் பலவற்றை நெறிப்படுத்திய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். முறையான திரைப்படக் காப்பகம் இல்லாத நாட்டில், திரையரங்குகளில் தேய்ந்த பிரதிகளே மிஞ்சின. இன்று கிடைக்கும் சில பழைய படங்களில் காட்சிகள் தாவுகின்றன, பாட்டு நடுவில் அறுகிறது, முடிவு திடீரென்று வருகிறது. அவற்றைக் காணும் இளையோர் அது நெறியாளரின் குறை என்றே கருத இடமுண்டு. எது எழுதும்போதே விடுபட்டது, எது தொகுப்பில் விடுபட்டது, எது தீயிலும் ஈரத்திலும் போனது என்று பிரித்தறியாமல் அந்தப் படங்களை மதிப்பிடுவது அவற்றுக்கு இழைக்கும் அநீதி. பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 1993 இல் ‘ஷார்மிளாவின் இதய ராகம்’ வந்தபோது, முன்னோரிடம் கற்கத் தொடர்ச்சி எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

2013 இல் மலைத்தோட்டத்தைப் பற்றி இரண்டு தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. பாலாவின் ‘பரதேசி’, பி. எச். டேனியலின் ‘எரியும் பனிக்காடு’ நாவலைத் தழுவியது. களம் தமிழகத்தின் மேற்கு மலைகள். ஊரைவிட்டுக் கூட்டம் நடந்துபோகும் பகுதி பார்ப்போரை உலுக்கியது. பின்பகுதியில் மருத்துவர் பாத்திரம் மதம் பரப்பும் ஆட்டப்பாட்டமாக மாறியது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. நாவலின் நிதானம் அங்கே கைவிடப்பட்டிருந்தது. இலங்கையில் சுமதி சிவமோகன் எடுத்த ‘இங்கிருந்து’, மலையகத் தமிழரின் குடியுரிமை இழப்பையும் வன்முறையையும் தோட்ட வாழ்வையும் துண்டு துண்டான இழைகளாகக் கோத்தது. அதன் துண்டான வடிவம் எழுதிச் சேர்த்த வடிவம். நாடற்றவராக ஆக்கப்பட்டு, பாதிக் குடும்பம் கடல் கடந்து போன ஒரு சமூகத்தின் நினைவு அப்படித்தான் இருக்கிறது.

இன்று எண்ணிமக் கமரா ரிவர்ஸ்டனின் பழைய இடர்களில் பலவற்றை நீக்கிவிட்டது. சுருள் தீராது, மங்கிய பனியிலும் முகம் பதிகிறது, காற்றைத் தடுக்கும் ஒலிவாங்கியும் உண்டு. மாத்தளை, கண்டி, நுவரெலியா இளைஞர் கையடக்கத் தொலைபேசியிலும் குறும்படம் எடுக்கலாம். இரண்டாவது கோணத்தை இனி யாரும் கைவிட வேண்டியதில்லை. எழுத்து மேசைக்குரிய நேரத்தை மட்டும் எந்தக் கமராவும் கொடுப்பதில்லை. ரத்தோட்டைத் தோட்டம் ஒன்றில் நாட்சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, ஏலக்காய்க் காட்டில் வேலை போனபின் அங்கு கூலிக்குச் சென்றோர் எங்கே திரும்பினர், லயத்து அறை ஒன்றில் மூன்று தலைமுறை எப்படிப் படுத்துறங்குகிறது என்ற செய்திகள் படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதைக்குள் வந்தாக வேண்டும். கணவாயில் நின்று கமராவைத் திருப்பினால் அவை கிடைப்பதில்லை; மலையடிவாரத்து வீடுகளில் பல மாதம் இருந்து கேட்டால் கிடைக்கும்.